உருவிவிடக் கூடாத வீக்கம்

காலையில் எழுந்தால் வலது கை கனக்கிறது. சட்டைக் கை இறுக்குகிறது. விரல் மடங்க மறுக்கிறது. கையைத் தொங்கவிட்டால் ஊதா பூக்கிறது, தூக்கிப் பிடித்தால் சற்றுத் தெளிகிறது. முந்தின நாள் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டிய கை அது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இதற்கு வரும் முதல் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "சுளுக்குண்ணே, தைலம் போட்டு ஒரு தடவை உருவிவிட்டா இறங்கிடும்." பெரும்பாலும் அது சுளுக்காகவே இருக்கும், இறங்கியும் விடும். இறங்காத அந்தச் சில கைகளைப் பற்றித்தான், அவற்றின் உள்ளே குழாயில் இரத்தம் உறைந்துவிடும் நோயைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

நம் பேச்சில் இரண்டு சொற்கள் இந்த நோயை மறைத்துவிடுகின்றன. ஒன்று 'நரம்பு'. மூளையிலிருந்து வருவதும் நரம்பு, தசையை எலும்போடு கட்டுவதும் நரம்பு, இரத்தம் ஓடும் குழாயும் நரம்பு. 'நரம்பு சுருண்டுக்கிச்சு' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்து நீவிவிடத்தான் தோன்றும். இன்னொன்று 'ரத்தக்கட்டு'. அடிபட்ட இடம் கன்றிப்போவதை அப்படிச் சொல்கிறோம். மஞ்சள் பற்றும் ஒத்தடமும் அதற்கு உண்டு. மருத்துவமனையில் மலாயில் 'டாரா பெக்கு' என்று சொல்வது அதையல்ல. குழாய்க்கு உள்ளேயே இரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்வது அது. ஆகவே இங்கே 'நாளம்', 'உறைவு' என்ற இரண்டு சொற்களையே வைத்துக்கொள்கிறோம். நாளம் என்பது கையிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய்.

கையில் இரண்டு அடுக்கு நாளங்கள் உண்டு. தோலுக்கடியில் பச்சையாகத் தெரிவது மேலடுக்கு. டிரிப் ஊசி ஏறுவது அதில்தான். டெங்கிக்காக வார்டில் படுத்துத் திரும்பியவர் கையில், ஊசி இருந்த இடத்தில் கயிறு மாதிரி ஒரு கோடு கெட்டியாகச் சிவந்து வலித்தால் அது மேலடுக்கு நாளத்தின் அழற்சி. வெதுவெதுப்பான ஒத்தடத்தில் நாளாவட்டத்தில் அடங்கும். அந்தக் கோடு அக்குளை நோக்கி நீண்டாலோ கை மொத்தமும் பருத்தாலோ காட்டியாக வேண்டும். ஆழ அடுக்கு வேறு: மேற்கையில் தமனியை (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாயை) ஒட்டி ஓடி, அக்குள் வழியாக ஏறி, காறை எலும்புக்கு அடியில் புகுந்து மார்புக்குள் போகிறது. அங்கே உறைந்தால் கை முழுவதன் வடிகாலும் அடைபடும்.

அடைப்பு ஏன் குறிப்பாகக் காறை எலும்படியில் வருகிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே இருக்கும் சந்து குறுகலானது. அதன் முன்மூலையில் நாளம். கூடவே ஒரு சிறு தசை, ஒரு தசைநார். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் இழுக்கும்போதெல்லாம் அந்தச் சந்து இன்னும் ஒடுங்கும். ஒரு தடவை ஒடுங்குவதால் ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில், நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவை நசுங்கினால் நாளத்தின் உட்சுவர் உராய்ந்து, தழும்பேறி, தடிக்கிறது. ஒருநாள் அளவுக்கு மிஞ்சிய வேலை; அன்றோ மறுநாளோ அந்தத் தழும்பின் மேல் இரத்தம் உறைகிறது. திடீரென்று வந்ததுபோல் தெரியும். உள்ளே அது வெகுநாளாகத் தயாராகிக்கொண்டிருந்தது. இதை 1875இல் இங்கிலாந்தின் பேஜட்டும் 1884இல் வியன்னாவின் ஷ்ரோட்டரும் தனித்தனியே விவரித்தார்கள். 1949இல் இருவர் பெயரும் சேர்த்து 'பேஜட்-ஷ்ரோட்டர்' என்று ஆனது. உழைப்பினால் வரும் உறைவு என்று சொன்னாலே மருத்துவருக்குப் புரியும்.

ரப்பர் தோட்டமாக இருந்த இடங்கள் செம்பனைக்கு மாறியபோது உடம்பு படும் பாடும் மாறிவிட்டது. பால் வெட்டில் குனிவும் மணிக்கட்டும்தான் அதிகம் தேயும். செம்பனையில் மரம் குட்டையாக இருக்கும்வரை உளியால் குத்தித் தள்ளலாம். மரம் உயர்ந்த பிறகு நீண்ட அலுமினியக் கம்பு, அதன் நுனியில் அரிவாள். அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் மேலே நீட்டி, கம்பை ஏற்றி மாட்டி, ஒரே இழுப்பில் மட்டையையும் குலையையும் அறுக்க வேண்டும். நாளெல்லாம் அந்த ஒடுங்கிய சந்தில்தான் நாளம் கிடக்கிறது. மருந்தடிப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு: முழுத் தொட்டியின் எடையும் வாரில் தொங்கி, வார் சரியாகக் காறை எலும்பின் மேல் உட்கார்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உழைப்பினால் வரும் இந்த வகை அரிது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 1 அல்லது 2 பேருக்கு என்பதே வழக்கமான கணக்கு. ஆனால் வருவது யாருக்கு என்று பாருங்கள்: இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், திடகாத்திரமானவர், அதிகம் ஆண், பெரும்பாலும் பழக்கமான கை. நோயாளி என்று யாரும் நினைக்காத ஆள். மாலையில் பூப்பந்து ஆடுபவர், ஜிம்மில் எடை தூக்குபவர், நீச்சல்காரர் எல்லாரும் இதே வரிசைதான். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்ற புதிதிலும் இரத்தம் எளிதில் உறையும். மருந்துத் தொட்டி சுமக்கும் பெண் அந்த மாத்திரையும் எடுப்பவராக இருந்தால் கை வீக்கத்தைச் சாதாரணமாக விடக் கூடாது.

சுளுக்கா, உறைவா

சுளுக்கு ஒரு புள்ளியில் வலிக்கும். அந்த மூட்டை அசைத்தால் வலி, அசைக்காவிட்டால் ஆறுதல். வீக்கமும் மூட்டைச் சுற்றியே நிற்கும். உறைவில் புள்ளி கிடையாது. தோள்பட்டையிலிருந்து விரல்வரை கை மொத்தமும் உப்பி, வலியைவிடக் கனமும் இறுக்கமும்தான் முன்னே தெரியும். நிறம் நீலமோ ஊதாவோ ஆகும். வேலை செய்தால் கூடும். சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் நின்று தோள் முன்புறத்தையும் மேல்மார்பையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாக வலைப்பின்னல் மாதிரி நாளங்கள் எழும்பியிருந்தால், பெருவழி அடைபட்டதால் இரத்தம் ஒற்றையடிப் பாதைகளில் சுற்றிப் போகிறது என்று பொருள். இந்த ஒரு அடையாளத்தை வீட்டில் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. சட்டையோடு கிளினிக்குக்குப் போய் முழங்கையை மட்டும் காட்டிவிட்டு வருவதால் சில நேரம் அங்கேயும் தவறிவிடுகிறது.

தையல் டேப் இருந்தால் அளந்துவிடலாம். முழங்கை முட்டிலிருந்து மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. தூரத்தில் பேனாவால் கோடு போட்டு, இரண்டு கையிலும் சுற்றளவு எடுங்கள். உழைக்கும் கை இயல்பாகவே ஒரு சென்டிமீட்டர் அளவு பெரிதாக இருக்கக்கூடும். 2 செ.மீ. தாண்டினால் காரணம் தேட வேண்டும். அளவை நேரத்தோடு குறித்துவைத்தால் மருத்துவருக்கும் உதவும், மறுநாள் கூடியதா குறைந்ததா என்றும் தெரியும். அளவு குறைவாக இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். முதல் நாளில் கனம் மட்டும் இருந்து வீக்கம் பின்னால் வருவதும் உண்டு.

இரண்டு தோற்றங்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கை வெளுத்து, சில்லிட்டு, மரத்து, மணிக்கட்டில் நாடி தட்டாவிட்டால் அடைபட்டது தமனி. அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். தோல் சிவந்து கொதித்து, காய்ச்சலும் இருந்தால் சீழ்க்கிருமித் தொற்றாக இருக்கலாம். செம்பனை முள் குத்திய கையில் இது வரும். இரண்டுக்கும் உடனே மருத்துவமனை.

மூச்சு திடீரென்று வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது மார்பில் குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, கண் இருட்டி மயக்கம் வந்தாலோ உறைவின் துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். காலில் வரும் உறைவைவிடக் கையில் இது குறைவு. நடக்காது என்று இல்லை. 999க்குக் கூப்பிடுங்கள். மோட்டாரில் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் போவது ஆபத்து. மயங்கினால் இருவரும் விழுவீர்கள்.

முதல் நாள்

உருவக் கூடாது, நீவக் கூடாது, கட்டுப் போட்டு இறுக்கக் கூடாது. உறைந்த இடத்தை அழுத்தி இழுத்தால் துண்டு பெயர வாய்ப்பு உண்டு என்பது ஒரு காரணம். நடைமுறையில் இதைவிடப் பெரிய கெடுதல், மூன்று தடவை உருவுவதில் ஒரு வாரம் ஓடிப்போவது. அந்த வாரத்தின் விலை என்ன என்பது கீழே வருகிறது.

மோதிரம், வளையல், காப்பு, கைக்கடிகாரம், கோயில் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். கயிற்றை அறுக்க மனம் வராதவர்கள் முடிச்சை அவிழ்த்து மற்றக் கையில் கட்டிக்கொள்ளலாம். மோதிரம் சோப்புத் தண்ணீருக்கும் வராவிட்டால் இழுத்துப் போராட வேண்டாம். பொம்பா (தீயணைப்பு) நிலையத்தில் வெட்டி எடுத்துவிடுவார்கள். கையைத் தலையணை மேல் இதய மட்டத்துக்கு மேலே வையுங்கள். விரல்களை மூடி மூடித் திறக்கலாம், நல்லது. கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிடுவது வேண்டாம்: தொங்கினால் வீக்கம் கூடும், தோளும் இறுகிப்போகும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள்.

அன்றைக்கே மருத்துவமனை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர்தான். மாவட்ட மருத்துவமனையில் முதலில் காட்டினால் அங்கிருந்து கடிதத்தோடு அனுப்புவார்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் முக்கியம் முகப்பில் சொல்லும் முதல் வாக்கியம். 'கை வலி' என்றால் அவசரமில்லாதவர்களுக்கான பச்சை மண்டலம், நாலு மணி நேரம் நாற்காலி. மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) மலாயில் இப்படிச் சொல்லுங்கள்: "தாங்கான் பெங்காக் செபெலா, டாரி பாஹு சம்பாய் ஜாரி, வார்னா ஜாடி பீரு. சாயா தாகுட் டாரா பெக்கு." ஒரு பக்கக் கை மட்டும், தோளிலிருந்து விரல்வரை, நிறம் நீலம், உறைவோ என்று பயம். இந்த நான்கும் காதில் விழுந்தால் கேள்விகள் வேறு மாதிரி வரும். எந்த நாள், என்ன வேலை, கம்பா உளியா, இதற்கு முன் அந்தப் பக்கக் கழுத்திலோ மார்பிலோ குழாய் வைத்தார்களா, என்ன மாத்திரை, குடும்பத்தில் யாருக்காவது உறைவு வந்ததா — பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

மருத்துவர் மனத்தில் போடும் கணக்கு எளியது. நாளத்தில் குழாயோ பேஸ்மேக்கர் கம்பியோ இருந்தால் ஒன்று, வலி இருந்தால் ஒன்று, ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் ஒன்று. வேறு நோய் என்று சொல்ல அதே அளவு காரணம் இருந்தால் ஒன்று கழித்துவிடுவார். இரண்டோ அதற்கு மேலோ வந்தால் ஸ்கேன்.

டோப்ளர் ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்லை. ஊசி கிடையாது. ஸ்கேன் கருவியால் நாளத்தை அழுத்துவார்கள். நல்ல நாளம் தட்டையாகும், உறைவு இருப்பது மசியாது. சிக்கல் என்னவென்றால் காறை எலும்புக்கு அடியில் அழுத்த முடியாது, அந்த இடத்தில்தான் நம் நோயே இருக்கிறது. ஓட்டத்தின் ஒலியையும் வடிவத்தையும் வைத்து ஊகிக்கத்தான் முடியும். அதனால் 'ஸ்கேன் நார்மல்' என்று வந்தும் கை இன்னும் உப்பி நீலமாகவே இருந்தால், சில நாளில் மறுபடி எடுக்கலாமா, சாயம் செலுத்தி சிடி எடுக்கலாமா என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. சாயம் என்றால் சிறுநீரகக் கோளாறு, நீரிழிவுக்கான மெட்பார்மின் மாத்திரை, முன்பு வந்த ஒவ்வாமை மூன்றையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஒரு வாரத்தின் விலை

புதிதாக உறைந்த இரத்தம் கூழ் மாதிரி. நாள் ஆக ஆக நார் ஏறி நாளச் சுவரோடு ஒட்டித் தழும்பாகிவிடும். கூழாக இருக்கும்போது மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, உறைவைக் கரைக்கும் மருந்தை அதன் மேலேயே சொட்டுச் சொட்டாக விட முடியும். இதற்கு ஏற்ற காலம் ஏறக்குறைய முதல் 14 நாள். அதற்குப் பிறகு பலன் வெகுவாகக் குறைகிறது. இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் இல்லை. இரத்தக் கசிவு அபாயம் உள்ளது, கண்காணிப்பு வார்டு வேண்டும். இளம் வயது, கடும் வீக்கம், கையால் பிழைப்பவர், அண்மையில் அறுவைச் சிகிச்சையோ மூளையில் கசிவோ இல்லாதவர் என்றால்தான் பேசுவார்கள். இரத்தநாள அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டியிருக்கும். கோலாலம்பூர் பயணமாகவும் அது அமையலாம். இரண்டு வாரத்தில் ஒரு வாரத்தைத் தைலத்துக்குக் கொடுத்துவிட்டு வருபவருக்கு, கடிதம் எழுதி, இடம் கிடைத்து, போய்ச் சேர்வதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

கரைத்தாலும் நசுக்கும் எலும்பு அங்கேயேதான் இருக்கிறது. அதனால் முதல் விலா எலும்பை எடுக்கும் அறுவை உண்டு. எப்போது எடுப்பது என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. சிலர் கரைத்த கையோடு எடுத்துவிடலாம் என்பார்கள். மருந்திலேயே சில மாதம் விட்டு, தொல்லை தொடர்பவருக்கு மட்டும் எடுப்பவர்களும் உண்டு. மீண்டும் கம்பு பிடிக்கப் போகிறவர் என்றால் இந்தக் கேள்வியை நிபுணரிடம் நேரே வைக்க வேண்டும். எலும்பை எடுக்காமல் நாளத்துக்குள் ஸ்டென்ட் (வழியை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) மட்டும் வைத்தால், நாளத்தை நசுக்கிய அதே எலும்புகள் ஸ்டென்ட்டையும் நசுக்கி முறிக்கும். அதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை.

மருந்தோடு மூன்று மாதம்

பெரும்பாலோர் பாதை இதுதான்: உறைவைத் தடுக்கும் மருந்து, குறைந்தது 3 மாதம். இதை 'ரத்தத்தைத் தண்ணியாக்குற மருந்து' என்கிறோம். இரத்தம் தண்ணீராவதும் இல்லை, உறைவு இந்த மருந்தால் கரைவதும் இல்லை. மேற்கொண்டு வளராமல் மருந்து தடுக்கிறது. இருப்பதை உடம்பு மெல்லக் கரைக்கிறது. பலருக்கு இரண்டாவது வாரமே வீக்கம் வடியத் தொடங்கிவிடும். வடிந்ததும் நிறுத்திவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு.

முதல் சில நாள் எனோக்ஸாபரின் ஊசியாக இருக்கலாம். எடைக்கு எடை கணக்கு: கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 60 கிலோ ஆளுக்கு 60. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு குறைப்பார்கள். வீட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னால், தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, ஒரு தடவை இடம் அடுத்த தடவை வலம். தோலை மடித்துப் பிடித்து ஊசியை நேராகச் செலுத்தி, மருந்து முடியும்வரை மடிப்பை விடாமல் பிடித்திருங்கள். ஊசிக்குள் இருக்கும் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டாம். முழு மருந்தும் உள்ளே போக அதுவே உதவும். போட்ட இடத்தைத் தேய்த்தால் கன்றிவிடும். மருந்துப் பெட்டியை மோட்டார் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் மருந்து கெடும். பயன்படுத்திய ஊசிகளுக்குக் கெட்டியான சோப்புப் புட்டி ஒன்றை ஒதுக்கி, மூடிபோட்டு வையுங்கள். இந்த மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. பக்கத்து வீட்டு இஸ்லாமியத் தொழிலாளிக்கு எழுதியிருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வேறு வழி உண்டா என்று மருத்துவரிடம் அவரே கேட்டுக்கொள்வார்.

வார்ஃபரின் இன்னும் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. இது வேலை செய்யத் தொடங்கச் சில நாள் ஆகும். அதனால் குறைந்தது 5 நாள் ஊசியும் மாத்திரையும் சேர்ந்தே ஓடும். 'மாத்திரை வந்துவிட்டதே, ஊசி எதற்கு' என்று ஊசியை விடக் கூடாது. ஐஎன்ஆர் என்ற இரத்தச் சோதனை எண் 2க்கும் 3க்கும் நடுவே நிற்க வேண்டும். 2க்குக் கீழே போனால் காப்பு இல்லை, 3ஐத் தாண்டத் தாண்டக் கசிவு அபாயம். மாத்திரையின் நிறத்தை நம்பாமல் மேலே எழுதிய மில்லிகிராமைப் படியுங்கள். மாலையில் ஒரே நேரம். மறந்தால் அன்று இரவுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

கீரை விஷயத்தில் நம் வீடுகளில் தேவையில்லாத கலவரம். முருங்கைக்கீரை, பசலை, கங்கோங், சாவிக்கீரை இவற்றில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும், உண்மை. அதற்காகக் கீரையே தொடாமல் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை விரதத்தன்று ஒரு சட்டி சாப்பிட்டால்தான் எண் ஆடும். வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று வழக்கமோ அதையே தொடருங்கள். மருந்தின் அளவை அதற்கேற்ப அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜின்செங், பூண்டு மாத்திரை, தாங் குவேய் என்ற சீன மூலிகைக் கஷாயம், கடையில் விற்கும் 'ரத்தம் சுத்தமாகும்' பானங்கள் ஆகியவற்றைத் தொட வேண்டாம். ஒரே இரவில் அளவு மீறிக் குடிப்பதும், சம்சு என்ற மலிவுச் சாராயம் என்றால் இன்னும் மோசமாக, ஐஎன்ஆர் எண்ணை எகிறவைக்கும். மெத்தில் சாலிசிலேட் கலந்த வலித் தைலத்தை நாள்தோறும் அள்ளிப் பூசினால் தோல் வழியாகவே ஏறி அதே வேலையைச் செய்யும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

புதிய மாத்திரைகளில் ரிவரோக்ஸபான் முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இருவேளை, பிறகு 20 மில்லிகிராம் ஒருவேளை. சாப்பாட்டோடுதான் போட வேண்டும்; வெறும் வயிற்றில் போட்டால் முழுதாக உடம்பில் ஏறாது. விடியற்காலை பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் நேரத்துக்கு) முன் காப்பி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அபிக்ஸபான் முதல் 7 நாள் 10 மில்லிகிராம் இருவேளை, பிறகு 5 மில்லிகிராம் இருவேளை. உணவோடு சேர வேண்டியதில்லை. இரண்டிலும் அளவு மாறும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள். இவற்றின் வேலை ஒருநாள் அளவுக்குத்தான் நிற்கும், ஆகவே ஒருநாள் விட்டால் அந்த நாள் காப்பில்லாத நாள். தீபாவளி, பெருநாள், சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையை எண்ணிப் பாருங்கள்.

எந்த மருந்தானாலும் சில தடைகள் பொது. வலிக்குப் பானடோல் (பாராசிட்டமால்) போதும், அதுவும் அளவோடு. பொன்ஸ்தான், டைக்ளோபெனாக், இபுப்ரோபென், தானாக வாங்கிப் போடும் ஆஸ்பிரின் வேண்டாம். கிளினிக்கில் இடுப்பில் போடும் வலி ஊசியும் வேண்டாம்; தசைக்குள் இரத்தம் கசிந்து பந்தாகிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான பெனிட்டோயின், கார்பமசெபின் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். உறைவு மருந்தின் பலத்தை அவை குறைத்துவிடும். கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் உடனே சொல்ல வேண்டும்: வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கும், புதிய மாத்திரைகளும் ஆகாது, ஊசிக்கு மாற்றுவார்கள். கருத்தடை மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் கேட்டுச் செய்யுங்கள். இந்த மருந்தில் மாதவிடாய்ப் போக்கு அதிகமாகும், இடையில் கர்ப்பம் தரிப்பதும் சிக்கல்.

காய்ச்சல் வந்தால் முதல் நாளே போங்கள். டெங்கியில் தட்டணுக்கள் இறங்கும். அதோடு இந்த மருந்தும் சேர்ந்தால் கசிவை நிறுத்துவது கடினம். தார் மாதிரிக் கறுத்த மலம், சிறுநீரில் இரத்தம், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு இரத்தம், இதுவரை வராத தலைவலி — காத்திருக்க வேண்டாம். மட்டை தலையில் விழுந்தாலும் மோட்டாரிலிருந்து விழுந்து தலை அடிபட்டாலும் வெளியே காயமே தெரியாவிட்டாலும் போக வேண்டும்.

டயாலிசிஸ் குழாய், கீமோ குழாய் இருப்பவர்களுக்கு

எண்ணிக்கையில் பார்த்தால் கையின் ஆழ்நாள உறைவுக்கு உழைப்பைவிடப் பெரிய காரணம் உள்ளே வைத்த குழாய்தான். நீரிழிவில் சிறுநீரகம் போய் டயாலிசிஸ் போகிறவர் இல்லாத தெரு தோட்டப் பட்டணத்தில் குறைவு. கழுத்திலோ மார்பிலோ குழாய் வைத்த பக்கக் கை பருத்தாலும், குழாயில் இரத்தம் இழுக்க வராவிட்டாலும், கழுத்து வலித்து முகம் உப்பினாலும் அடுத்த முறைக்குக் காத்திராமல் சொல்லுங்கள். குழாயைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குழாய் வேலை செய்கிறது, தேவையும் இருக்கிறது, தொற்று இல்லை என்றால் அதை வைத்துக்கொண்டே மருந்து கொடுப்பதுதான் வழக்கம். குழாய் இருக்கும்வரை மருந்தும் இருக்கும், புற்றுநோய் இருந்தால் இன்னும் நீளும்.

சிறுநீரகம் குறைந்துவருகிறது என்று சொல்லப்பட்டவர்கள், டயாலிசிஸ் தொடங்கும் முன்பே, பழக்கமில்லாத கையின் நாளங்களைக் காப்பாற்றுங்கள். இரத்தம் எடுக்க வந்தால் புறங்கையைக் காட்டுங்கள். அந்தக் கையில்தான் பின்னால் ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காக நாளத்தையும் தமனியையும் சேர்க்கும் இணைப்பு) போடுவார்கள். போட்ட பிறகு தினமும் காலையில் விரல் வைத்துச் சிலிர்ப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றுபோனால் அன்றைக்கே.

மீண்டும் கம்பு பிடிக்கும்முன்

வீக்கம் வடிந்து கை லேசானதும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்பார், வீட்டுச் செலவும் கேட்கும். குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு இலகு வேலை என்பது சம்பளக் குறைவு. அதை மருத்துவர் யோசிக்க மாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும். 'ஓய்வு' என்று மட்டும் எழுதிய எம்சியால் (மருத்துவ விடுப்புச் சீட்டால்) தோட்டத்தில் பயன் குறைவு. 'தோளுக்கு மேல் கை தூக்கும் வேலை, கம்பு அறுவடை, தோள்சுமை கூடாது. இத்தனை வாரம்' என்று குறிப்பாக எழுதித் தரும்படி கேளுங்கள். அப்படி எழுதினால் உதிரிப் பழம் பொறுக்குதல், குட்டை மரத்தில் உளி வேலை, வண்டி ஓட்டுதல் என்று மாற்றிக் கேட்க ஒரு பிடி கிடைக்கும். உளியிலும் தோள் வேலை உண்டு, அதையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையால் வந்தது என்று கருதினால் பெர்கெசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில்) பதியலாம். 2019 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிகளும் அதன் வேலைப் பாதிப்புத் திட்டத்தில் உண்டு. ஏற்பது அவர்கள் முடிவு. வீங்கிய தேதி, அன்று செய்த வேலை, எம்சி, ஸ்கேன் அறிக்கை நகல் எல்லாம் ஒரே உறையில் இருந்தால் அலைச்சல் குறையும்.

சிலருக்குக் கனமும் மாலை வீக்கமும் மாதக்கணக்கில் மிஞ்சும். இறுக்கமான எலாஸ்டிக் கை உறை எல்லோருக்கும் தேவையில்லை. போட்டால் இதமாக இருப்பவர் போட்டுக்கொள்ளலாம். மற்றக் கையின் நாளமும் மேலே சொன்ன அதே மாதிரிச் சந்து வழியாகத்தான் போகிறது என்பதால், வலது கை போனதென்று இடது கையால் இழுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

மருந்து ஓடும் காலம் முழுக்க ஒரு சிறு அட்டை வேண்டும். அதில் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, எடுக்கும் மருத்துவமனை, வீட்டுத் தொலைபேசி எண். மேலே பெரிதாக "சாயா மாகான் ஊபாட் சாயிர் டாரா" (நான் ரத்தத்தைத் தண்ணியாக்குற மருந்து சாப்பிடுகிறேன்) என்று ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில் எழுதி, பணப்பையில் அடையாள அட்டையான ஐசிக்குப் பின்னால் சொருகுங்கள். விழுந்து கிடப்பவரின் பையில் முதலில் தேடுவது ஐசியைத்தான்.